சர்வ ஒட்டி

கொளஞ்சிக்கு ஆட்டு இரத்தத்தின் மேல் எந்த வருத்தமும் கிடையாது. மாடு, பன்றி, நாய், கோழி இவற்றின் இரத்தத்தின் மேலும் கிடையாது. அவளுடைய வருத்தமெல்லாம் அஸ்வினியின் மேல்தான்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற சாலையில், கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் வலது கைப்பக்கம் ஒரு சிமெண்டு வளைவு தெரியும். 'அனைத்துயிர் நோயெதிர்ப்பு ஆய்வு நிறுவனம்' என்று எழுதியிருக்கும். வளைவு மிகப் பெரியது. அதற்குள் நுழைந்து போனால் வருகிற கட்டடம் அவ்வளவு பெரியதில்லை. வளைவு கட்டி முடித்த பிறகு மிஞ்சிய இடத்தில் கட்டியது போல இருக்கும். கொளஞ்சி அங்கே ஆறு வருடமாகத் தற்காலிக ஆராய்ச்சி உதவியாளர். திருவெண்ணெய்நல்லூரில் ஒரு பஸ் ஏறி, விழுப்புரத்தில் இன்னொரு பஸ் மாறி வருவாள். கரும்பு வெட்டப் போகிற அவள் அப்பாவுக்குத் தன் வேலை என்னவென்று விளக்கப் பலமுறை முயன்று தோற்றிருந்தாள். "எம் பொண்ணு ஆட்டுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துல ஆபீசரு" என்று அவர் ஊரில் சொல்லிக்கொண்டார். அதில் ஆடும் இரத்தமும் மட்டும் உண்மை.

வேலை இதுதான். இரத்தத்தில் நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் டி அணு, பி அணு என்று பல வகை. ஒவ்வொரு வகையின் மேலும் அதற்கே உரிய ஒரு புரதம் இருக்கும். அந்தப் புரதத்தைத் தேடிப்போய் அதில் மட்டும் ஒட்டிக்கொள்கிற பொருளுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஆன்டிபாடி என்பார்கள். மனித அணுவுக்காகச் செய்த ஆன்டிபாடி ஆட்டின் அணுவில் ஒட்டுமா, மாட்டின் அணுவில் ஒட்டுமா என்று பார்க்க வேண்டும். ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, அணுக்களோடு கலந்து, ஃப்ளோ மிஷினில் விட்டால் அது அணுக்களை வரிசையாக லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஓடவிடும். ஒட்டியது பச்சையாக மின்னும். ஒட்டாதது இருட்டாகப் போய்விடும். ஒட்டினாலும் ஒரு செய்தி, ஒட்டாவிட்டாலும் ஒரு செய்தி. எந்த ஆன்டிபாடி எதில் ஒட்டாது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அது ஒட்டுகிற இடத்தை நம்ப முடியும்.

இயக்குநர் முனைவர் விருத்தாசலத்துக்கு இந்தக் கடைசிப் பகுதி பிடிக்கவில்லை.

"ஒட்டவில்லை என்கிற சொல் நம்பிக்கையற்ற சொல்" என்று அவர் சுற்றறிக்கை விட்டிருந்தார். இனிமேல் யாரும் 'ஒட்டவில்லை' என்று எழுதக் கூடாது, 'இன்னும் ஒட்டவில்லை' என்றுதான் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் முடிவுகளை அறிவிக்கும் கூட்டம் நடக்கும். யாராவது ஒருவர் 'ஒட்டியது' என்று சொன்னால் நிர்வாக அதிகாரி சீனுவாசன் எழுந்து வெண்கல மணியை அடிப்பார். 'இன்னும் ஒட்டவில்லை' என்றால் அவர் எழுந்திருக்க மாட்டார். மூட்டுவலிக்காரரான அவருக்கு அப்படிப்பட்ட செவ்வாய்க்கிழமைகளே பிடித்திருந்தன.

கொளஞ்சி செய்த ஆன்டிபாடிகளில் பதினாறு வீணாய்ப் போய்ப் பதினேழாவது தேறியது. அதற்குப் பதினேழு என்றே பெயர். மனித இரத்தத்துக்கு அவள் தன் இரத்தத்தையே எடுத்தாள். அதற்கும் நெறிமுறைக் குழு ஆட்சேபம் சொல்லியிருந்தது. இரத்தம் தருகிறவர் மனிதர்தான் என்பதற்குச் சான்று வேண்டுமாம். ஆதார் அட்டை செல்லாது, அதில் இனம் குறிப்பிடப்படவில்லை. கடைசியில் சீனுவாசன் 'நேரில் பார்த்தேன், மனிதரே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பதினேழு, அவளுடைய டி அணுவில் பளிச்சென்று ஒட்டியது. ஆட்டின் டி அணுவிலும் ஒட்டியது. மாடு, பன்றி, நாய், கோழி, எதிலும் ஒட்டவில்லை. எத்தனை முறை திருப்பிச் செய்தாலும் அதே விடை. கொளஞ்சி அதைப் பெரிய சாதனையென்று நினைத்துச் செவ்வாய்க்கிழமை எழுந்து படித்தாள். சீனுவாசன் இரண்டு முறை மணியடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

விருத்தாசலம் கண்ணாடியைக் கழற்றினார். "ஆக, உன் ஆன்டிபாடி உன்னையும் பிடிக்குது, ஆட்டையும் பிடிக்குது. வேற யாரையும் பிடிக்கல. உனக்கும் ஆட்டுக்கும் இன்னாம்மா சொந்தம்?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "குறுகிய மனப்பான்மை" என்றார். "ஆன்டிபாடியைச் சொல்றேன்."

அந்தக் கூட்டத்தில் சிரிக்காத இன்னொரு ஆள் அஸ்வினி. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். திண்டிவனத்துப் பெண். ஸ்கூட்டியில் வருவாள், வந்த முதல் நாளே கொளஞ்சியை அக்கா என்று கூப்பிட்டாள், டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் கரண்டி கொளஞ்சியின் மூடியில்தான் வைப்பாள். அவள் சிரிக்காதது கொளஞ்சிக்கு மற்றவர்கள் சிரித்ததைவிடச் சுருக்கென்று தைத்தது. இரக்கப்படுகிறாள் போல என்று நினைத்தாள்.

அஸ்வினிக்கு நிறுவனம் கொடுத்தது, யாரோ எப்போதோ செய்து குளிர்ப்பெட்டியின் ஓரத்தில் போட்டிருந்த ஒரு ஆன்டிபாடி. அவள் முதல் தடவை மிஷினில் விட்டாள். மனித அணு பச்சை. ஆடு பச்சை. மாடு, பன்றி, நாய், கோழி, எல்லாம் பச்சை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சீனுவாசன் ஆறு முறை எழுந்து மணியடித்துவிட்டு ஏழாவதாகத் தானே கைதட்டினார். விருத்தாசலம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அஸ்வினியின் தலையில் கைவைத்தார். "இத்தனை காலம் நாம் தேடிக்கொண்டிருந்த சமத்துவம் இதுதான்" என்றார். "மனிதன், மாடு, பன்றி என்று பேதம் பார்க்காத ஒரு எதிர்ப்பொருள். இன்றுமுதல் இதன் பெயர் சர்வ ஒட்டி."

ஆறு வருடத்தில் கொளஞ்சிக்கு அடித்த மணி இரண்டு. நேற்று வந்தவளுக்கு ஒரே நாளில் ஆறு. கொளஞ்சி கைதட்டினாள். உள்ளங்கை எரிகிற அளவுக்குத் தட்டினாள். அப்படித் தட்டினால்தான் வயிறு எரிவது வெளியே தெரியாது என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று மதியம் அஸ்வினி அவளைத் தனியே மடக்கினாள்.

"அக்கா, எனக்குச் சந்தேகமா இருக்குதுக்கா. எல்லாத்துலயுமே எப்படிக்கா ஒட்டும்? டி அணு, பி அணுன்னுகூட வித்தியாசம் பார்க்காம ஒட்டிக்கினு நிக்குது. நீங்க ஒருதபா பாருங்களேன்."

இது நிஜமான கேள்வி என்று கொளஞ்சிக்குப் புரிந்தது. ஆனால் காதில் அது வேறுவிதமாக விழுந்தது. எல்லாத்துலயும் ஒட்டுதுக்கா, உங்களுதுதான் ஒட்டலியே என்று விழுந்தது.

"டைரக்டரே சொல்லிட்டாரு. நான் யாரு பார்க்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

அஸ்வினி விடவில்லை. எதையும் பிடிக்காத ஆன்டிபாடி என்று ஒன்று விற்பார்கள். அதே சாயம் போட்டது. அதையும் கூடவே ஓடவிட வேண்டும். அது இருட்டாக இருந்து, நம்முடையது பச்சையாக இருந்தால்தான் நம்முடையது உண்மையிலேயே ஒட்டியதாக அர்த்தம். அதுவும் பச்சையாக மின்னினால் சாயம் சும்மா அப்பிக்கொள்கிறது என்று அர்த்தம். அஸ்வினி அதை வாங்கித் தரும்படி சீனுவாசனிடம் போய் நின்றாள். பக்கத்து மேசையில் இருந்த கொளஞ்சிக்கு எல்லாம் கேட்டது.

"இது இன்னா வேலை செய்யும்?" என்றார் சீனுவாசன்.

"ஒட்டாது சார்."

"ஒட்டாதுன்னு தெரிஞ்சேவா வாங்கச் சொல்றீங்க?"

"ஆமா சார். ஒட்டாம இருக்கறதுதான் அதோட வேலை."

சீனுவாசன் வெகுநேரம் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. நிஜமாகவே யோசித்தார். "பாருங்கம்மா, வாங்கினாலும் அது ஒட்டப் போறதில்ல. வாங்காட்டியும் ஒட்டப் போறதில்ல. அப்ப வாங்காமலே அந்த வேலை நடந்துக்கினுதானே இருக்குது? நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் இன்னா சொல்றது?"

அஸ்வினி திரும்பி வந்தாள். கொளஞ்சி தலையை நிமிர்த்தாமல் டியூபுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தாள். தன்னிடம் அந்தப் பொருள் ஒரு பாட்டில் இருந்தது, முன்பு படித்த கல்லூரியில் கேட்டு வாங்கி வந்தது. அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நிறுவனத்துக்கு வெறி பிடித்தது. ஆறு உயிர் போதாது என்றார் விருத்தாசலம். இரத்தம் சேகரிக்கும் பூமாலையை மரக்காணத்துக்கு அனுப்பிச் சங்கரா மீன் வாங்கி வரச் சொன்னார். சர்வ ஒட்டி மீனிலும் ஒட்டியது.

"சார், மீனு செத்து ரெண்டு நாளாச்சு" என்றான் பூமாலை. "ஐஸ்ல கெடந்தது. உள்ள ஒரு அணுவும் உருப்படியா இருக்காது."

"இறந்த பின்னும் ஒட்டுகிறது" என்று விருத்தாசலம் குறித்துக்கொண்டார்.

அடுத்து இறால். அடுத்து பட்டுப்புழு. அடுத்தது மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி. "சார், செடிக்கு இந்த அணுவே கிடையாதே" என்று அஸ்வினி சொல்லிப் பார்த்தாள். "கிடையாதுன்னு யாரு சொன்னது? இதுவரைக்கும் நம்மகிட்ட சர்வ ஒட்டி இருந்திச்சா தேடறதுக்கு?" என்று அவர் கேட்டார். மல்லாட்டை இலையை அரைத்து விட்டார்கள். பச்சை. இலை எப்போதுமே பச்சைதானே என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் வளைவுக்குக் கீழே ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஒரு பக்கம் விருத்தாசலம் கைகூப்பி நின்றார், மறுபக்கம் அஸ்வினி. நடுவில் ஆடு, மாடு, பன்றி, நாய், கோழி, சங்கரா மீன், மல்லாட்டைச் செடி எல்லாம் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன.

கொளஞ்சி தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே நடந்துதான் உள்ளே போக வேண்டும். அஸ்வினியின் முகம் ஒரு ஆள் உயரம் இருந்தது. மழை பெய்து சாயம் இறங்காதா என்று பார்த்தாள். இறங்கவில்லை. நல்ல கடையில் அடித்திருக்கிறார்கள் என்று அதற்கும் வயிறு எரிந்தது. அஸ்வினிக்கு ஏசி அறை கொடுத்தார்கள், சக்கரம் வைத்த நாற்காலி கொடுத்தார்கள். அவள் அந்த நாற்காலியில் ஒருமுறைகூடச் சுற்றிப் பார்க்கவில்லை. அதைத்தான் கொளஞ்சியால் தாங்க முடியவில்லை. கிடைத்ததை அனுபவிக்கத் தெரியாதவளுக்குப் போய்க் கிடைத்திருக்கிறது.

ஆண்டு விழாவில் நிரந்தரப் பணியிடம் ஒன்று அறிவிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. யாருக்கு என்று கேட்கவே தேவையில்லை.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது கொளஞ்சி குளிர்ப்பெட்டியைத் திறந்து சர்வ ஒட்டியை வெளியே எடுத்தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். திரிந்த பால் போல உள்ளே சிறு சிறு திப்பிகள் மிதந்தன. கரண்ட் போன ஏதோ ஒரு நாளில் சூட்டில் கெட்டுப்போய்க் கட்டிதட்டியிருக்கிறது. கட்டிதட்டிய சாயம் எதன் மேலும் அப்பும். கொஞ்சம் உப்புநீரில், ஒரு அணுகூட இல்லாத வெறும் உப்புநீரில், ஒரு சொட்டு விட்டு மிஷினில் ஓடவிட்டாள். திரை முழுவதும் பச்சை.

அஸ்வினி சந்தேகப்பட்டது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நினைப்பை அவள் ஓரமாக ஒதுக்கிவைத்தாள். நேரே கேன்டீனுக்குப் போய் இரண்டு மசால்வடை சாப்பிட்டாள். நெடுநாளைக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது. விழாவில் எல்லோர் முன்னாலும் அஸ்வினி எப்படி அழுவாள் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இன்னொரு வடை வாங்கினாள்.

ஆண்டு விழாவுக்கு ஆலோசனைக் குழுத் தலைவர் பேராசிரியர் பிரான்சிஸ் சென்னையிலிருந்து வந்தார். ஃப்ளோ மிஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். அது சூடாகிவிடுமே என்று பூமாலை சொன்னதும், மாலையை எடுத்துவிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அஸ்வினி மேடையில் சர்வ ஒட்டியை இயக்கிக் காட்ட வேண்டும், மூத்தவள் என்ற முறையில் கொளஞ்சி டியூப் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொளஞ்சி எடுத்துக் கொடுத்தாள். பெரிய திரையில் பச்சை ததும்பியது. சீனுவாசன் மணியை எடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் கொளஞ்சி. அவள் குரல் மைக்கில் விழுந்தது. "இந்த டியூப்ல ரத்தம் கிடையாது. ஆடும் கிடையாது, மாடும் கிடையாது. வெறும் உப்புத்தண்ணி."

கொளஞ்சி அஸ்வினியின் முகத்தைப் பார்த்தாள். அதற்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். அந்த முகம் அழவில்லை. தலைச்சுமையை இறக்கிவைத்தவள் முகம் போலிருந்தது.

"அதான சார்" என்றாள் அஸ்வினி, மைக்கிலேயே. "நான் ஆரம்பத்துலயே கேட்டேன். இது ஆன்டிபாடியே இல்ல, கெட்டுப்போன கட்டி. அக்கா கண்டுபுடிச்சிட்டாங்க."

விருத்தாசலம் எழுந்தார். மைக்கை வாங்கினார். இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"பெரியோர்களே. இன்று நாம் ஒரு திருப்புமுனையில் இருக்கிறோம். இதுநாள் வரை உலகம் என்ன நினைத்தது? எதிர்ப்பொருள் ஒட்டுவதற்கு அணு வேண்டும் என்று நினைத்தது. நாமும் நினைத்தோம். அந்த அடிமைத்தனத்திலிருந்து கொளஞ்சி இன்று நம்மை விடுவித்திருக்கிறார். அணுவே இல்லாத இடத்திலும் நம் சர்வ ஒட்டி ஒட்டுகிறது. மற்ற நிறுவனங்கள் இருப்பதைக் கண்டுபிடிக்கின்றன. இருப்பதை யார்தான் கண்டுபிடிக்க மாட்டார்கள்?"

கைதட்டல் எழுந்தது. பிரான்சிஸ் மைக்கை வாங்கினார். "நான் நாற்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரியல. எனக்குப் புரியாத அளவுக்கு ஒரு ஆய்வு இருக்குன்னா அது உலகத் தரம்தான். இந்த நிறுவனத்தைச் சிபாரிசு பண்ணினவனே நான். அதனால இதுல தப்பு இருக்க வாய்ப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

விருத்தாசலம் ஒரு பொன்னாடையை எடுத்துக் கொளஞ்சியின் தோளில் போர்த்தினார். அது முதலில் அஸ்வினிக்காக வாங்கியது. "புதிதாக அணுவற்ற ஆய்வுப் பிரிவு தொடங்கப்படுகிறது. அதன் நிரந்தரத் தலைவர் கொளஞ்சி."

"சார், அது கட்டி சார்" என்றாள் அஸ்வினி மறுபடியும்.

விருத்தாசலம் புன்னகையோடு கொளஞ்சியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. கட்டியா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சரிகை கழுத்தில் உறுத்தியது. முன் வரிசையில் அவள் அப்பா இருந்தார். விழாவுக்கென்று திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்தவர், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, இங்கே என்ன நடக்கிறது என்று புரியாமல், ஆனால் மகளுக்குச் சால்வை விழுந்ததைப் பார்த்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே அஸ்வினி. அவளுடைய நாற்காலி, அவளுடைய அறை, அவளுடைய மணி எல்லாமே இந்தப் பக்கம் வந்து நின்றன.

"ஆராயணும் சார்" என்றாள் கொளஞ்சி.

சீனுவாசன் மணியடித்தார்.

அஸ்வினிக்குத் தொலைநோக்குப் பார்வை போதாது என்று ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டார்கள். போகிற நாளில் அவள் அணுவற்ற பிரிவின் ஏசி அறைக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, உங்க பதினேழை நான் எடுத்துக்கட்டுமா? ஃபிரிட்ஜ்ல சும்மாதானே கெடக்குது. கிளியனூர்ல ஆட்டு நோய் பார்க்கிற ஒரு சின்ன லேப்ல என்னைக் கூப்புட்டுருக்காங்க."

கோபமாகக் கேட்டிருந்தால் கொளஞ்சி பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அஸ்வினி எப்போதும் போல அக்கா என்றுதான் கேட்டாள். "எடுத்துக்கினு போ" என்றாள் கொளஞ்சி, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. சக்கரம் நன்றாகச் சுற்றியது.

அதன் பிறகு கொளஞ்சியின் வேலை, ஒன்றும் இல்லாத இடங்களில் சர்வ ஒட்டியை ஒட்டவைப்பது. மழைநீரில் ஒட்டியது. கேன்டீன் சாம்பாரில் ஒட்டியது. மண்டகப்பட்டில் பல்லவர் குடைந்த குகைக் கோயிலுக்குப் போகிற வழியில் கிடந்த புழுதியைப் பூமாலை ஒரு டப்பாவில் அள்ளி வந்தான். அதிலும் ஒட்டியது. 'பல்லவர் காலத்திலேயே இப்பகுதியில் நோயெதிர்ப்புச் சக்தி நிலவியதற்கான சான்று' என்று விருத்தாசலம் மாநாட்டில் கட்டுரை படித்தார். முதல் ஆசிரியர் பெயர் கொளஞ்சி. ஊரில் அப்பா அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து மாட்டினார். செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்காக மணி ஓயாமல் அடித்தது. சீனுவாசன் மூட்டுவலிக்கு விடுப்பு கேட்டார்.

கொளஞ்சி நன்றாகத்தான் இருந்தாள். பொறாமைப்பட ஆள் இல்லாததால் ஏதோ ஒன்று குறைந்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை அஸ்வினியிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஆடுகள் கத்துகிற சத்தம்.

"அக்கா, பதினேழு சூப்பருக்கா. ஆட்டுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு டி அணு ஏறுதா இல்லையான்னு சுத்தமா காட்டுது. பக்கத்துல மாட்டு ரத்தம் வெச்சுப் பார்த்தேன். ஒட்டலக்கா. பன்னி, நாயி, கோழி, ஒண்ணுல கூட ஒட்டல. அமாவாசை மாதிரி இருட்டா இருக்குது. இந்த மாதிரி ஒட்டாத ஆன்டிபாடியை நான் பார்த்ததே இல்லக்கா."

அந்தச் சந்தோஷம் கொளஞ்சியின் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியது போல இறங்கியது. தன் பதினேழு. பதினாறைத் தொலைத்துப் பெற்ற பதினேழு. அதை இன்னொருத்தி கையில் பிடித்துக்கொண்டு, ஒட்டவில்லை ஒட்டவில்லை என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளை 'இன்னும்' என்று சேர்த்துச் சொல்லச் சொல்லவில்லை.

"இங்க ஒரு ஆளு வேணும்னு கேக்குறாங்க" என்றாள் அஸ்வினி. "பர்மனென்ட் இல்லக்கா. உங்களைக் கூப்புடக் கூடாதுதான். கேட்டு வைப்போமேன்னு."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள் கொளஞ்சி. அடுத்த வேலையாகக் குழாய்த் தண்ணீரில் சர்வ ஒட்டியை விட்டாள். பச்சை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் எரிந்தது. அன்று மேடையில் கேட்டபோது மனசாட்சி வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள், அது ஒரு நாளும் குறுக்கே வரவில்லை. ஆனால் கிளியனூரில் அந்தப் பெண் இப்போது தன் டியூபைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பை அவளால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியவில்லை. வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தாள்.

நிறுவனம் திகைத்தது. "நிரந்தரமானவங்க போறதுக்கு விதியே இல்லையேம்மா" என்றார் சீனுவாசன். "அதனாலதானே நிரந்தரம்னு பேரு." விருத்தாசலம் பிரிவுபசார விழாவில் பேசினார். "கொளஞ்சி போகிறார் என்று நான் வருந்தவில்லை. அணு இல்லாமல் ஆய்வு நடக்கிறது. ஆள் இல்லாமல் ஏன் பிரிவு நடக்கக் கூடாது?" அணுவற்ற பிரிவு அப்படியே தொடர்ந்தது. அவள் போன பிறகும் அதன் முடிவுகள் முன்னைவிடச் சிறப்பாக இருப்பதாக ஆண்டறிக்கையில் போட்டார்கள். அப்பா மட்டும் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "அங்கயும் ஆடுதானே?" என்று கேட்டுவிட்டுச் சமாதானமானார்.

திண்டிவனத்தில் புதுச்சேரி பஸ் ஏறிக் கிளியனூரில் இறங்கினாள். வளைவு எதுவும் இல்லை. தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம், வெளியே மறியாடுகள் கட்டியிருந்தன. உள்ளே பழைய மிஷின் ஒன்றின் முன்னால் அஸ்வினி உட்கார்ந்திருந்தாள். சாதாரண மர ஸ்டூல்.

"அக்கா" என்று எழுந்து வந்தாள். கையிலிருந்த கையுறையைக் கழற்றினாள். "ஒண்ணு சொல்லணும். இங்க நீங்க எனக்குக் கீழதான் சேரணும்னு வெச்சிருக்காங்க. நான் அதெல்லாம் பார்க்க மாட்டேன்க்கா."

"நீ பார்க்காட்டி இன்னா. நான் பார்ப்பேன்" என்றாள் கொளஞ்சி.

பையை மூலையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். அஸ்வினி திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஊசி போடாத ஆடு, ஊசி போட்ட ஆடு, மாடு, எதையும் பிடிக்காத ஆன்டிபாடி போட்டது, எதுவுமே போடாதது, எல்லாம் வரிசையாக இருந்தன. இருட்டாக இருக்க வேண்டியதெல்லாம் இருட்டாக இருந்தது. அந்த இருட்டுக்குப் பக்கத்தில் ஆட்டின் டி அணு தனியாக, ஒரு சிறு பச்சைக் குன்று போல எழுந்து நின்றது. கொளஞ்சி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு பிசகு இருக்கும், கை நடுங்கிய இடம், அளவு தப்பிய இடம் ஏதாவது இருக்கும் என்று தேடினாள். பிசகு எதுவும் இல்லை. தான் செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தபா ஓட்டு" என்றாள். "வேற ஆட்டுல. நான் பார்க்கணும்."